கை மடங்கல, ஆனா கேக் போடணும்: சிக்குன்குனியாவோட ஒரு டிசம்பர்

#1 பாளையக்கா

சிக்குன்குனியான்னு ரத்தப் பரிசோதனையில உறுதி ஆயிட்டு. டெங்கு இல்லைன்னும் பாத்தாச்சு. காய்ச்சல் போயி ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு, மூட்டுதான் விட மாட்டேங்கு. காலையில எந்திரிச்சா விரல் மடங்காது. மணிக்கட்டு ரெண்டும் வீங்கிக் கெடக்கும். பத்து மணிக்கு மேலதான் கொஞ்சம் இளகும். பள்ளிக்கூடத்துக்கு மெடிக்கல் லீவு போட்டாச்சு. வீட்டுல எல்லாரும் காலையிலயே கிளம்பிப் போயிருதாங்க. போனைப் பாத்தா கண்ணு வலிக்கி, தூங்கித் தூங்கி முதுகு வலிக்கி.

அட்வெண்ட், அதான் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம், தொடங்கிட்டா எங்க வீட்டுல பலகார வேலை என் பொறுப்பு. அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, கலகலா, கேக்கு எல்லாம். இந்த வருஷம் "கடையில வாங்கிக்கிடுவோம், நீ பேசாம கெட"ன்னு அத்தை சொல்லிட்டாங்க. எண்ணெய்ச் சட்டி முன்னால நிக்க ஏலாதுன்னு எனக்கே தெரியும். கேக்காவது போட்டுப் பாப்போமான்னு இருக்கு. ஓடிஜி (சின்ன மின்சார ஓவன்) இருக்கு. ஆனா வெண்ணெயையும் சீனியையும் போட்டு அடிக்க முடியாது, ஹேண்ட் மிக்ஸரைத் தூக்கிப் பிடிச்சாலே மணிக்கட்டு தெறிக்கி. பொழுதும் போகணும், கையும் கெடக்கூடாது. இந்த மாதிரி நேரத்துல செஞ்ச அனுபவம் யாருக்காச்சும் இருக்கா?

#2 சும்மா_இரு

ரெஸ்ட் எடுங்க மேடம். ஒரு வருஷம் வீட்டுல கேக் போடலைன்னா பண்டிகை வராமப் போயிடுமா?

#3 பாளையக்கா

ரெஸ்ட் எடுத்து எடுத்துத்தான் தம்பி இங்க வந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்.

#4 நைட்_டூட்டி_சிஸ்டர்

மதுரையில வார்டு நர்ஸா இருக்கேன். அக்கா கேட்டதுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி, இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். இந்த மழை சீசன்ல டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புறது அதே ஏடிஸ் கொசுதான். ஒருத்தருக்கே ரெண்டும் சேர்ந்தும் வரலாம். டெங்குன்னா காய்ச்சல் விடுற நேரம்தான் கவனமா இருக்க வேண்டிய நேரம். பொதுவா 3-லிருந்து 7-வது நாளுக்குள்ள காய்ச்சல் இறங்கும். இறங்கினதுக்கு அப்புறம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள்ளதான் சிலருக்கு ரத்தக் குழாயிலருந்து நீர் கசிஞ்சு பிரஷர் இறங்குது. "காய்ச்சல்தான் விட்டுருச்சே, எதையாவது செய்வோம்"னு எழுந்து அடுப்படிக்குப் போறவங்க அந்த நேரத்துலதான் போவாங்க. வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுலயோ மூக்குலயோ ரத்தம், எழுந்திரிக்க முடியாத அசதி, இதுல எது இருந்தாலும் கேக் டின்னைக் கீழ வச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு வரணும்.

சிக்குன்குனியா கதை வேற. உயிர் ஆபத்து ரொம்பக் குறைவு, மூட்டு வலி மட்டும் வாரக்கணக்குல இழுக்கும், சிலருக்கு மாசக்கணக்குல. கையை அசைக்காமலே வச்சிருந்தாலும் இறுக்கம் கூடும். அதனால லேசான வேலை நல்லதுதான். பிசையறது, பிழியறது, கனமானதைத் தூக்குறது மட்டும் வேண்டாம். வலி வந்தா நிறுத்திடுங்க, "இன்னும் கொஞ்சந்தானே"ன்னு முடிக்கப் பாக்காதீங்க. அப்புறம், தூக்கம் வர்ற மாத்திரை ஏதாவது குடுத்திருக்காங்களா? இருந்தா அதைப் போட்ட பிறகு ஓவன் பக்கம் போகாதீங்க.

#5 பாளையக்கா

பாராசிட்டமால் மட்டுந்தான் சிஸ்டர். ரொம்ப நன்றி.

#6 நாஞ்சில்_மக்கா

அக்கா, அடிக்கவே வேண்டாத கேக்கு ஒண்ணு உண்டு. எங்க அம்மாவுக்குத் தோள் இறங்கின வருஷத்துலருந்து வீட்டுல இதுதான். பழத்தை வேக வச்சுச் செய்யுற கேக்கு.

கிஸ்மிஸ், கருப்பு திராட்சை, பேரீச்சம்பழம், டூட்டி ஃப்ரூட்டி, எது இருக்கோ எல்லாம் சேத்து 300 கிராம். வெண்ணெய் 125 கிராம். சீனி 150 கிராம். ஆரஞ்சுச் சாறோ தண்ணியோ 200 மில்லி. இவ்வளவையும் ஒரே சட்டியில போட்டு அடுப்புல வைக்கணும். கொதி வந்த பொறவு சிம்மில ஒரு 5 நிமிஷம். இறக்கி வச்சு அரை டீஸ்பூன் சமையல் சோடா போடுங்க. நுரைச்சுப் பொங்கும், அதனால சட்டி கொஞ்சம் ஆழமா இருக்கட்டும். இனி அதை நல்லா ஆற விடணும். சூடா இருந்தா முட்டை வெந்து திரிஞ்சு போவும். நாங்க ராத்திரி முழுக்க மூடி வச்சிருவோம்.

மறுநாள் அதே சட்டியில 2 முட்டையை முள்கரண்டியால கலக்கி ஊத்தணும். மைதா 200 கிராம், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய்ப் பொடி. மரக்கரண்டியால மாவு கண்ணுல படாத வரைக்கும் கிண்டினா போதும், அதுக்கு மேல கிண்டினா கேக்கு ரப்பர் ஆவும். அண்டிப்பருப்பு, அதான் முந்திரி, கடைசியில.

வெண்ணெயையும் சீனியையும் அடிக்கதே காத்தை உள்ள ஏத்தத்தான். இதுல சோடாவும் பவுடரும் அந்த வேலையைப் பாக்கும். பூ மாதிரி பொங்கி வராது, கனமாத்தான் இருக்கும். பழக்கேக்குக்கு அதுதானே வேண்டியது. 150லருந்து 160 டிகிரி, 7 அங்குல டின்னுன்னா ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட.

உங்களுக்குக் காலையில கை இறுக்கம்னு சொன்னிய. அப்பம் மத்தியானத்துக்கு மேல பழத்தை வேக வையுங்க, மறுநாள் பதினொண்ணு மணிக்குக் கிண்டுங்க. ரெண்டு நாள் பொழுதும் ஓடும்.

#7 சும்மா_இரு

சரி, இது உருப்படியான பதில். எனக்கே செஞ்சு பாக்கத் தோணுது. முட்டை இல்லாம முடியுமா?

#8 நாஞ்சில்_மக்கா

முட்டைக்குப் பதிலா அரைக் கப் தயிர். ஓரம் கொஞ்சம் உதிரும், ருசிக்குக் குறை இல்ல.

#9 ரதி_டோர்ட்முண்ட்

வணக்கம் பாளை அக்கா. நான் யாழ்ப்பாணம், இப்ப ஜெர்மனியில இருக்கிறன். போன நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) முதல் புளூ வந்து டொக்டர் லீவு எழுதித் தந்தவர். வெளியில மைனஸில குளிர், நாலரைக்கே இருட்டு. நீங்கள் சொல்லுற அந்தச் சலிப்பு எனக்கு நல்லாத் தெரியும்.

எங்கட ஊர் ரிச் கேக் வருத்தக்காரருக்கெண்டே (நோயாளியளுக்கெண்டே) செய்து வைச்ச மாதிரி. ஏனெண்டால் அதில முக்கால்வாசி வேலை இருந்துகொண்டு வெட்டிறதுதான். கஜு (முந்திரி), கிஸ்மிஸ், செர்ரி, இஞ்சிப் பாகு, நீத்துப்பூசணிப் பாகு, சௌ சௌ பாகு, எல்லாத்தையும் குறுணியா வெட்டவேணும். அம்மா மூண்டு நாலு பின்னேரம் பாயில இருந்து வெட்டுவா, அக்கம்பக்கத்து ஆக்களும் கத்தியோட வந்திருவினம். வெட்டினதை தேனும் ரோஸ் எசன்சும் பிராண்டியும் விட்டு ஊற வைக்கிறது. மா இல்லை, ரவைதான். ரவையை லேசா வறுத்து பட்டரோட குழைச்சு சில மணித்தியாலம் விட்டால் ரவை நல்லா ஊறி மெத்தெண்டு வரும். பிறகுதான் சீனியும் மஞ்சள் கருவும் அடிச்சுச் சேர்க்கிறது. அந்த அடிக்கிற வேலையை மட்டும் வீட்டில ஒரு இளம் கையிட்ட குடுங்கோ. நாங்கள் சின்னனில கேக் தட்டை ஊர்ப் பேக்கரிப் போறணைக்குக் கொண்டுபோய்க் குடுத்துத்தான் வேக வைச்சு எடுக்கிறது. பாண் (ரொட்டி) சுட்டு முடிஞ்ச பிறகு இருக்கிற அந்த அடங்கின சூடு இந்தக் கேக்குக்குச் சரியான சூடு.

உங்களுக்கு விரல் ஏலாதெண்டால் வெட்டிறது கஷ்டம், எனக்கு விளங்குது. கஜுவை ஒரு துணிப் பையில போட்டு உருளைக் கட்டையால ஒருக்கா இடிச்சால் காணும். ஒரே அளவா வராது, ஆர் பாக்கப் போயினம்.

இங்கத்தையச் சனம் டிசம்பர் முழுக்கச் சின்னச் சின்ன பிஸ்கட் சுடுவினம். வனில்லா கிப்ஃபர்ல் எண்டு பிறை வடிவில ஒண்டு. ஒவ்வொண்டா உருட்டி வளைக்கவேணும், உங்கட கைக்கு அது சரிவராது. ஸ்டோலன் எண்டு ஒரு பண்டிகை ரொட்டி, அதுவும் பிசையிற வேலை. அது தொடக்கத்தில விரத காலத்து ரொட்டி, பட்டர் போடத் தடை. 1491இல போப்பாண்டவர் கடிதம் குடுத்த பிறகுதான் சாக்சனிக்காரர் பட்டர் போட்டுச் சுட்டவையாம். அதுவரைக்கும் எண்ணெய்தான். தின்னேலாமல்தான் இருந்திருக்கும்!

#10 பாளையக்கா

ரதி, படிக்கும்போதே வாய் ஊறுது. சௌ சௌ பாகெல்லாம் இங்க கிடைக்காது. பூசணிக்குப் பதிலா ஆக்ரா பேத்தா போடலாம்னு நினைக்கேன், ரெண்டும் நீர்ப்பூசணிதானே.

ஊற வைக்கிறதுதான் எங்க வீட்டுல பிரச்சினை. ரம்மோ பிராண்டியோ வாசல் தாண்டி வர முடியாது. திராட்சைச் சாறுலயோ ஆரஞ்சுச் சாறுலயோ ஊறப் போடுவேன். போன வருஷம் வரைக்கும் மாசக்கணக்குல ஊற வைக்க நேரம் கிடைச்சதில்ல.

#11 பேக்கரி_அண்ணாச்சி

தூத்துக்குடியில பேக்கரியிலயே காலம் தள்ளி இப்ப ஓய்வுல இருக்கேன். தங்கச்சி, சாறுல ஊற வச்ச பழத்தை மாசக்கணக்குல வைக்கவே கூடாது. சாராயத்துல ஊறுனதுதான் வெளிய நிக்கும். சாறுன்னா ஃபிரிட்ஜுல ரெண்டு மூணு நாள், அவ்வளவுதான். அதுக்கு மேல போனா நுரைச்சுப் புளிக்கும். நாஞ்சில் தம்பி சொன்ன மாதிரி வேக வச்சா அந்தக் கவலையே இல்ல, ஒரு ராத்திரியில பழம் நல்லா உப்பிரும்.

அடுத்தது, இதை யாரும் சொல்லலை. கைவலிக்காரங்களுக்கு ஆபத்து மாவு அடிக்கிறதுல இல்ல. வெந்த டின்னை வெளிய எடுக்கிறதுலதான். ஒரு கிலோவுக்குப் பக்கத்துல கனம், 160 டிகிரி சூடு, கையில தடிச்ச துணி, குனிஞ்சு எடுக்கணும். அந்த நேரம் மணிக்கட்டு விட்டுக் குடுத்துச்சுன்னா டின்னு காலுல விழும். அதனால பெரிய டின்னுல ஊத்தாதீங்க. ரெண்டு மூணு சின்ன ரொட்டி டின்னுல பிரிச்சு ஊத்துங்க, முக்கால் மணி நேரத்துல வெந்துரும். வெந்ததும் எடுக்கவும் வேண்டாம். கணக்குக்கு அஞ்சு நிமிஷம் முன்னாலயே அணைச்சு, கதவைத் திறந்து வச்சிட்டுப் போயி உக்காருங்க. பழக்கேக்கு டின்னுலயே ஆறுறதுதான் அதுக்கு நல்லது. கை பொறுக்கிற சூடு வந்த பிறகு எடுத்தாப் போதும். ஓடிஜியைத் தரையில வச்சிருந்தா மேசைக்கு மாத்தச் சொல்லுங்க, வேற யாரையாவது.

நிறத்துக்குச் சீனியைக் கருக்கிப் பாகு வைக்கிற பழக்கம் உங்க பக்கம் உண்டு. இந்தத் தடவை வேண்டாம். கருகின சீனியில வெந்நி ஊத்தும்போது ஆவி அடிக்கும், தெறிக்கும், கையைப் படக்குன்னு இழுக்கணும். உங்களால இப்ப இழுக்க முடியாது. அதுக்குப் பதிலா உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு அந்த 200 மில்லி தண்ணியில கரைச்சு வடிகட்டிக்கிடுங்க. வடிகட்டாம விட்டா பல்லுல மண் கடிபடும். சீனியில பாதியைக் குறைச்சுக் கருப்பட்டி. நிறமும் வரும், மணமும் வரும்.

#12 நாஞ்சில்_மக்கா

அண்ணாச்சி, இவ்வளவு நாளா எங்க இருந்திய! தூத்துக்குடி மக்ரூனும் சொல்லிக் குடுங்க.

#13 பேக்கரி_அண்ணாச்சி

மழைக்காலத்துல வீட்டுல மக்ரூன் போடாதீங்க. முட்டை வெள்ளை, சீனி, முந்திரிப் பொடி, மூணே சாமான். அதனாலேயே எதுலயும் தப்பிக்க முடியாது. சீனி காத்துல உள்ள ஈரத்தை இழுக்கும். வெளிய எடுத்து அரை மணி நேரத்துல பிசுபிசுன்னு ஆயிரும். எங்க விறகு அடுப்புல ரொட்டி எடுத்த பிறகு இறங்குற சூட்டுல கூம்பு கூம்பாப் பிழிஞ்சு வச்சு மணிக்கணக்குல காய விடுவோம், வேக வைக்கதுன்னே சொல்ல முடியாது. பாளைத் தங்கச்சிக்கு அந்தப் பையைப் பிழியவும் ஏலாது. மார்ச்சு வரட்டும், தனியா எழுதுதேன்.

#14 குழித்துறை_குமார்

ரம் ஊத்தாத கேக்கு கேக்கே இல்ல. சொல்லிட்டேன்.

#15 வேதக்கோவில்_வாத்தியார்

தம்பி, சபை ஊழியக்காரர் வீட்டுக்கு வந்து கேக் துண்டை எடுத்து மோந்து பாக்கிறதை நீங்க பாத்ததில்ல போல.

#16 நாஞ்சில்_மக்கா

குமார் அண்ணே, கேரளத்துத் தலசேரிக்கதை கேட்டிருப்பியளே. 1883 டிசம்பர்ல அஞ்சரக்கண்டிப் பட்டைத் தோட்டத்துப் பிரௌன் துரை, இங்கிலாந்துலருந்து வந்த கிறிஸ்துமஸ் கேக் ஒண்ணைக் கொண்டுவந்து மாம்பள்ளி பாப்பு கையில குடுத்து இதே போல செஞ்சு தான்னு சொன்னாராம். பாப்பு அதுக்கு மூணு வருஷம் முன்னாலதான் பிஸ்கட் ஆலை தொடங்கியிருந்தார், பர்மாவுல தொழில் படிச்ச ஆளு. துரை பிராண்டி ஊத்தச் சொன்னார். பாப்பு நம்ம ஊரு கொல்லாம்பழ (முந்திரிப்பழ) சாராயத்தை ஊத்தினாராம். துரைக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போயி மேலயும் ஒரு டஜன் கேட்டார்னு அந்தக் குடும்பத்தார் சொல்லுவாவ. கையில இருக்கிறதை ஊத்திச் செஞ்ச கேக்குதான் அண்ணே அது. அக்கா கருப்பட்டி ஊத்தட்டும், விடுங்க.

#17 குழித்துறை_குமார்

அதுலயும் சாராயம் இருந்துச்சே! கருப்பட்டித் தண்ணியா ஊத்தினார்?

#18 நைட்_டூட்டி_சிஸ்டர்

சண்டைக்கு நடுவுல ஒரு தகவல். "வேகும்போது ரம் எல்லாம் ஆவியாயிடும்"னு சிலர் சொல்றது சரியில்ல. அமெரிக்க வேளாண் துறையோட பட்டியல்படி, மாவுல கலந்து ஒரு மணி நேரம் வேக வச்சாலும் ஊத்தினதுல சுமார் 25 சதவீதம் ஆல்கஹால் தங்கும். ரெண்டரை மணி நேரம் வெந்தா சுமார் 5 சதவீதம். வெந்த பிறகு மேல தெளிச்சு ஊட்டுற ரம் அப்படியே இருக்கும். ஒரு துண்டுல அது சின்ன அளவுதான். ஆனா மஞ்சள் காமாலை வந்தவங்களுக்கும், குடியை விட்டுட்டு இருக்கிறவங்களுக்கும், குழந்தைகளுக்கும் ரம் ஊட்டின கேக்கைக் குடுக்காதீங்க. என்ன ஊத்தியிருக்குன்னு சொல்லிக் குடுங்க.

#19 நெறியாளர்

ரம் வேணுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குத் தனி இழை தொடங்கியாச்சு. குமார், வாத்தியார் இருவரும் அங்கே தொடரவும். இந்த இழை உடம்பு முடியாதவர்களுக்கானது.

#20 ஹாஸ்டல்_தேனி

நான் டைபாய்டு வந்து வீட்டுக்கு வந்தவ. மருந்து முடிச்சாச்சு. அடுத்த வாரம் ஹாஸ்டலுக்குப் போகும்போது ரூம்ல எல்லாருக்கும் பிஸ்கட் சுட்டு எடுத்துட்டுப் போலாம்னு இருந்தேன். செய்யலாம்தானே?

#21 நைட்_டூட்டி_சிஸ்டர்

தேனி, கொஞ்சம் பொறும்மா. டைபாய்டு கிருமி உடம்பு சரியான பிறகும் சிலருக்கு வாரக்கணக்குல மலத்துல வெளியேறிட்டு இருக்கும். ஓவன் சூட்டுல கிருமி செத்துடும், அது பயமில்ல. வெந்து ஆறின பிஸ்கட்டைக் கையால எடுத்து அடுக்கி டப்பாவுல போடுறோம் பாரு, அங்கதான் பிரச்சினை. மேல கிரீம் தடவினா இன்னும் மோசம். உங்க டாக்டர்கிட்ட "மத்தவங்களுக்குச் சமைக்கலாமா"ன்னு நேரடியாக் கேளு. தேவைப்பட்டா மலப் பரிசோதனை எழுதுவாங்க. அதுவரைக்கும் உனக்கு மட்டும் செஞ்சு சாப்பிடு, இல்லேன்னா அம்மா செய்யட்டும், நீ பக்கத்துல உக்காந்து அளவு சொல்லு. தண்ணி மூலமா வர்ற மஞ்சள் காமாலைக்கும் இதே மாதிரிதான். கண்ணு மஞ்சளாகி ஒரு வாரமாவது முடியற வரைக்கும் அடுத்தவங்க சாப்பாட்டுல கை வைக்கக் கூடாது.

பாளை அக்காவுக்கு இந்தப் பயம் இல்ல. சிக்குன்குனியா சாப்பாடு மூலமாப் பரவாது, கொசு கடிச்சாத்தான்.

#22 ஹாஸ்டல்_தேனி

ஐயோ, நல்லவேளை கேட்டேன். அம்மாகிட்ட மாத்தி விடறேன்.

#23 கோவை_கீதா

தலைப்புக்குக் கொஞ்சம் விலகின கேள்வி. எங்க வீட்ல சின்னவனுக்கு அம்மை போட்டிருக்குங்க. வாசல்ல வேப்பிலை கட்டியாச்சு. மாமியார் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. வீடே சப்புன்னு கிடக்குது. அவன் புது வருஷத்துக்குக் கேக் வேணும்னு ஒரே அழுகை. ஓவன்ல வேக வைக்கலாமான்னு மாமியார்கிட்ட கேக்கப் பயமா இருக்குங்க. யார் வீட்லயாவது செஞ்சிருக்கீங்களா?

#24 பாளையக்கா

கீதா, நாங்க வேதக்காரங்கதான் (கிறிஸ்தவங்க), ஆனா அம்மை போட்டா எங்க ஆச்சியும் எண்ணெய்ச் சட்டி வைக்க விடமாட்டாங்க. கேக்கைப் பத்தி எங்க வீட்டுல ஒரு தடவை பஞ்சாயத்தே நடந்துச்சு. "இட்லி வேகலாம்னா இதுவும் வேகலாம், தாளிச்ச வாடை வரலைல்லா"ன்னு ஆச்சியே தீர்ப்பு சொல்லிட்டாங்க. அதையே சொல்லிப் பாருங்க.

#25 நைட்_டூட்டி_சிஸ்டர்

கீதா, பையன் வாய்க்குள்ள கொப்புளம் இருக்கான்னு பாருங்க. இருந்தா ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு எதுவும் வேண்டாம், எரியும். சாதா மெத்து கேக், பால்ல தொட்டுக் குடுக்கலாம். சூடு பட்டா அரிப்பு கூடும், ஓவன் ஓடுற அறையில பையனைப் படுக்க வைக்காதீங்க. எல்லாக் கொப்புளமும் காஞ்சு பொருக்குத் தட்டுற வரைக்கும் தொத்தும். பிறந்த நாள், புது வருஷம்னு பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களைக் கூப்பிடாதீங்க. கர்ப்பமா இருக்கிறவங்க வீட்டுக்கு வரவே வேண்டாம். காய்ச்சலுக்குன்னு ஆஸ்பிரின் மட்டும் எக்காரணம் கொண்டும் குடுக்காதீங்க.

#26 கோவை_கீதா

கேட்டுட்டேங்க! மாமியார் அஞ்சு நிமிஷம் யோசிச்சுட்டு, "நெய் காய வைக்காம இருந்தாச் சரி"ன்னுட்டாங்க. வெண்ணெயை உருக்காம அறைச் சூட்ல இளக வச்சுச் சேத்துக்கறேன். பாளை அக்கா ஆச்சிக்கு ஒரு கும்பிடு.

#27 மூக்கடைப்பான்

நானும் வரேன். சளிக் காய்ச்சல், ஒரு வாரமா வாசனையே தெரியல. வீட்ல தனியா இருக்கேன், லீவு இருக்கு, பக்கத்துக் கடையில பழமெல்லாம் வாங்கிட்டு வந்துட்டேன். வெந்துச்சா கருகுச்சான்னு எப்படித் தெரியும்? எங்கம்மா வாசனையை வச்சுத்தான் சொல்லுவாங்க.

#28 பேக்கரி_அண்ணாச்சி

காதை வச்சுப் பாருங்க. பழக்கேக்கை ஓவன்லருந்து எடுத்து காதோரம் கொண்டுபோனா உள்ள சிடுசிடுன்னு சத்தம் கேக்கும். ஈரம் இன்னும் கொதிக்குன்னு அர்த்தம், திரும்ப உள்ள வையுங்க. சத்தம் அடங்கினா வெந்துட்டு. பாளைத் தங்கச்சி இதைச் செய்யாதீங்க, சூட்டு டின்னைத் தூக்க வேண்டாம். நீங்க நடுவுல ஒரு நீளக் குச்சியைக் குத்திப் பாத்தாப் போதும், மாவு ஒட்டாம வரணும். திராட்சை ஒட்டினா கணக்கில்ல, வேற இடத்துல குத்துங்க. மேல் பக்கம் சீக்கிரம் கருத்தா ஒரு தாளை மூடிவிடுங்க. போன்ல மணி வச்சுக்கிடுங்க. வாசனை தெரியாத ஆளு ஓவனைப் போட்டுட்டுத் தூங்கிரக் கூடாது, புகை வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. இருமல் இருந்தா செஞ்சதை நீங்களே சாப்பிட்டு முடிச்சிருங்க, ஆபீசுக்குக் கொண்டுபோய்த் தானம் பண்ணாதீங்க.

#29 சர்க்கரை_சாமி

சுகர்காரன் சார்பா ஒரு வார்த்தை. "சீனி போடலை, பேரீச்சம்பழமும் கருப்பட்டியும்தான்"னு சொல்லி எனக்கு ரெண்டு துண்டு குடுப்பாங்க எல்லா வருஷமும். மீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. காய்ச்சல் நேரத்துல சர்க்கரை தானாவே ஏறும், அதோட இதுவும் சேர்ந்தா அவ்வளவுதான். உடம்பு முடியாத சுகர்காரங்க கேக் போடுங்க, பொழுதைப் போக்குங்க, சாப்பிடுறது ஒரு விரல் அகலம் போதும்.

#30 சும்மா_இரு

முதல்ல ரெஸ்ட் எடுக்கச் சொன்ன நான், தயிர் ஊத்தி நாஞ்சில் கேக்கை நேத்துச் செஞ்சுட்டேன். எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஓரம் உதிருது, அவர் சொன்ன மாதிரியே.

#31 பாளையக்கா

போட்டாச்சு. கருப்பட்டியை வடிகட்டி, பழத்தைச் சாயங்காலம் வேக வச்சு, மறுநாள் பதினொண்ணரைக்குச் சின்னவன் டியூஷன் போறதுக்கு முன்னால அவனைப் பிடிச்சு உக்கார வச்சுக் கிண்டச் சொன்னேன். பாதியில எனக்கே கை துறுதுறுன்னு இருந்துச்சு, கொஞ்சம் நானும் கிண்டினேன். மூணு சின்ன டின்னு. அண்ணாச்சி சொன்னபடி அணைச்சு, கதவைத் திறந்து வச்சுட்டுப் படுத்துட்டேன். மத்தியானம் அத்தை வந்து டின்னை வெளிய எடுத்தாங்க. "பேசாம கெடன்னு சொன்னேன்லா"ன்னு ஒரு சத்தம். பொறவு ஒரு ஓரத்தை வெட்டி வாயில போட்டுட்டு, இன்னும் ரெண்டு டின்னு போட்டா கோவில் குவயருக்கும் (பாட்டுக் குழுவுக்கும்) குடுக்கலாம்ங்காங்க! கேரல் ரவுண்ட்ஸ் எங்க தெருவுக்கு இருபதாம் தேதிக்கு மேலதான் வரும். அதுவரைக்கும் இது தாங்குமா? கருப்பட்டிக் கேக்கு பூசணம் பிடிக்குமோன்னு யோசனையா இருக்கு. மழை வேற விடல.

#32 பேக்கரி_அண்ணாச்சி

சாராயம் இல்லாத கேக்கு, ஈரமும் கூட. இந்த மழையில வெளிய வச்சா நாலஞ்சு நாளைக்கு மேல நம்பாதீங்க. நல்லா ஆறின பிறகு பட்டர் பேப்பர்ல சுத்தி, அதுக்கு மேல அலுமினியத் தாளு, காத்துப் புகாத டப்பாவுல போட்டு ஃபிரிட்ஜுல வையுங்க. பத்து நாளுக்குப் பிரச்சினை இல்ல. ஃபிரீசர்ல இடம் இருந்தா இன்னும் நல்லது, குவயர் வர்றதுக்கு முந்துன ராத்திரி எடுத்துக் கீழ் தட்டுல வச்சிருங்க. சூடா இருக்கும்போது மூடினா உள்ளயே வேர்த்துப் பூசணம் பிடிச்சிரும். அடுத்த ரெண்டு டின்னை இருபதாம் தேதிக்குப் பக்கத்துல போட்டாப் போதும். உடனே போட வேண்டாம். கைக்கும் ஒரு வாரம் கிடைக்கும்.

#33 ரதி_டோர்ட்முண்ட்

வெட்டேக்க நல்லாக் குளிர்ந்து இருந்தால் உதிராது. சின்னத் துண்டா வெட்டி எண்ணெய்த் தாளில சுத்தி வைச்சால் ஆக்கள் வந்தவுடன எடுத்துக் குடுக்கலாம். எங்கட வீட்டில சுத்திறது பிள்ளையளின்ர வேலை. கலியாண வீடெண்டாலும் நத்தாரெண்டாலும் அதுதான் முறை.

#34 புது_உறுப்பினர்_வேலூர்

எல்லாம் படிச்சேன். எங்கிட்ட ஓடிஜி இல்ல, கன்வெக்ஷன் மைக்ரோவேவ்தான். இடுப்புப் பிடிச்சு வீட்ல இருக்கேன், ரொம்ப நேரம் நிக்க முடியாது. அதுல இந்தக் கேக் வருமா? டின்னை உள்ள வைக்கலாமா?

#35 பேக்கரி_அண்ணாச்சி

வரும். கன்வெக்ஷன் மோடுல மட்டும் வையுங்க, மைக்ரோ மோடுல உலோக டின்னு கூடாது. காத்தாடி சுத்துறதால சூடு வேகமாப் பிடிக்கும், 160ன்னா 145க்குக் குறைச்சிக்கிடுங்க. கூடவே குடுத்த கம்பி ஸ்டாண்டுல தாழ்வானதை வச்சு அதுக்கு மேல டின்னு. டின்னு சுவரைத் தொடாம நடுவுல இருக்கணும், தட்டு சுத்துறப்ப எங்கயும் இடிக்கக் கூடாது. இடுப்புக்காரர் குனியாத உயரத்துல மெஷின் இருக்கான்னு பாத்துக்கிடுங்க. மாவைக் கிண்டுறதை மேசையில உக்காந்தே கிண்டலாம்.